பொதியிற் கந்தும் அரசுச் சுவரும்: 'அருவக்கலை' மறுப்பாளர்க்கு ஒரு மறுமொழி

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகரமாகிய போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரத்துக் குன்றுகளுள் ஒன்று மரைன் ஹில். கடலை நோக்கிச் சரியும் அக்குன்றில் சார்லஸ் கொரியா (1930 - 2015) வடிவமைத்த பே ஐலண்டு விடுதி 1982இல் கட்டி முடிக்கப்பெற்றது. சரிவைச் சிதைக்காமல் படிப்படியாய் இறங்கும் தளங்களும் அவற்றின்மேற் சாயும் கூரைகளுமே அதன் முகம். அது விடுதியே அன்றி அரசுக் கட்டடம் அன்று. ஆயினும் அதனை அமைத்த அதே கலைஞர் அடுத்த பத்தாண்டுகளுக்குள் செய்பூரிலும் தில்லியிலும் எழுப்பிய இரு பொதுக் கட்டடங்களின் புறச்சுவர்கள், தமிழாய்வுலகில் இதுகாறும் உரியவாறு எண்ணப்படாத ஒரு வினாவை எழுப்புகின்றன. அரசு தன் கட்டடத்தின் வெளிமுகத்தில், எந்த மனிதரையும் எந்த விலங்கையும் காட்டாத ஒரு படைப்பை நிறுவலாமா? நிறுவினால் அது மக்களோடு பேசுமா?

நிறுவலாகாது, பேசாது என்பதே தமிழ்ப் புலமை வட்டாரத்திற் பெரும்பான்மையாகக் கேட்கப்படும் விடை. தமிழர் கலை உருவக்கலை. கோயிற் கோபுரம் முதல் கடற்கரைச் சிலைகள் வரை அதற்குச் சான்று. உருவமற்ற கலை மேலைநாட்டு இறக்குமதி. மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்கு விளங்காததை நிறுவுவது முறையன்று என அவ்விடை விரிக்கப்படுவதுண்டு. இக்கூற்றின் இறுதிப் பகுதி மதிக்கத்தக்கது. அதற்குப் பின்னர் வருவோம். முற்பகுதியோ தமிழ்ச் சான்றுகளாலேயே மறுக்கத்தக்கது.

பெயரால் நேர்ந்த பிழை

இவ்வகைக் கலையை 'அரூப ஓவியம்' என்றும் 'அருவக்கலை' என்றும் தமிழில் வழங்குகின்றனர். பொதுமக்கள் வழக்கிலோ 'மாடர்ன் ஆர்ட்' என்பது புரியாத எதற்கும் இடும் நகைப்பெயராய் நிலைத்துவிட்டது. 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்னும் சொல்லின் இலத்தீன மூலம் இழுத்துப் பிரித்தெடுத்தலைக் குறிப்பது. ஒரு பொருளினின்று அதன் வளைவை மட்டும், வண்ணத்தை மட்டும், அசைவை மட்டும் பிரித்தெடுத்து நிறுத்துவது அக்கலையின் தொழில். அதனைத் தமிழாக்கியோர் 'ரூபம் இல்லாதது' எனப் பெயரிட்டனர். பெயர் அவ்வாறு அமைந்தபின், காண்போர் 'உருவம் எங்கே?' எனக் கேட்பதில் வியப்பில்லை. கோடும் வண்ணமும் பருமனும் உடைய ஒன்றை உருவிலி என அழைத்துவிட்டு, அதில் உரு இல்லை எனக் குறை கூறுவது, முடவன் எனப் பெயரிட்டவனே அவன் நடையை ஐயுறுவது போல்வதாம்.

'உரு' என்னும் சொல்லே பழந்தமிழில் மெய்ச்சாயலை மட்டும் குறித்ததன்று. தொல்காப்பிய உவமவியல், உவமை தோன்றும் நிலைக்களன்களாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கனைக் கூறுகின்றது. இவற்றுள் மெய் என்பது வடிவையும் உரு என்பது நிறத்தையும் குறிப்பதாக உரையாசிரியர் கொள்வர். துடியை இடைக்கு உவமை கூறுவது மெய்யுவமம். பவளத்தை வாய்க்கு உவமை கூறுவது உருவுவமம். பவளக்கொடியின் வடிவம் வாய்க்கு இல்லை. செம்மை ஒன்றே இரண்டையும் இணைக்கின்றது. அச்செம்மையைப் பவளத்தினின்றும் வாயினின்றும் பிரித்தெடுத்து ஓர் அடையாளமாக நிறுத்தும் ஆற்றல், தமிழ்ப் பொருளிலக்கணத்தின் மிகப் பழைய வகைப்பாட்டிலேயே உள்ளது. வண்ணத்தை மட்டும் கொண்டு நிற்கும் சுவரோவியம் ஒன்று, தொல்காப்பியர் வழக்கின்படி உருவுடையதே. மெய்யே அதற்கு இல்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் நுட்பமான ஒரு கலைச்சொல்லைத் தருகின்றது. இறைநிலை ஒன்பதனுள் நான்கு அருவம், நான்கு உருவம், இடைநின்ற ஒன்று அருவுருவம் எனச் சாத்திரங்கள் பகுக்கும். இலிங்கம் அவ்வருவுருவத் திருமேனி. முகமும் கையும் காலும் அதற்கு இல்லை. ஆயினும் அளவும் வளைவும் கல்லின் தன்மையும் உண்டு. மேலையோர் நூற்றாண்டுகாலமாக விளக்க முயலும் கலைநிலைக்குத் தமிழில் இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது. சமயச் சார்புடைய சொல்லைக் கலைத்துறைக்குக் கொணர்தல் தகுமோ எனச் சிலர் தயங்கலாம். 'பாவம்', 'சுவை', 'தாளம்' போன்றவை எத்துறையிலிருந்து எத்துறைக்குச் சென்றன என்பதை எண்ணுவோர்க்கு அத்தயக்கம் நில்லாது. ஆதலின் இனி ஈண்டு 'அருவுருவக்கலை' என்றே வழங்கப்பெறும்.

இவ்விடத்து மற்றொன்றும் கூறத்தக்கது. அகப்பாடலில் கருப்பொருளுள் உறைந்து கிடக்கும் உள்ளுறையையும் அதற்கப்பாற்பட்ட இறைச்சியையும் மாணவர்க்கு நயம்பட விளக்குவோர், சுவரின்முன் வந்து நின்றதும் பதவுரை கேட்பது வியப்பினும் வியப்பே.

முதற்கற்கள் காட்டிய வழி

உருவக்கட்சியார் பெரிதும் நம்பியிருப்பது நடுகல்லை. வீரனின் உருவத்தைக் கல்லிற் பொறித்துப் பொதுவிடத்தில் நாட்டிய மரபு தமிழர்க்குரியதாகலின், பொதுக்கலை உருவக்கலையாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களை மட்டும் கண்டோர்க்கு அத்துணிபு இயல்பே. ஆனால் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிற் கண்டறிந்த நடுகற்கள் அக்கருத்தை அடியோடு மாற்றின. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த அக்கற்களில் உருவம் ஏதும் இல்லை. ஆகோளில் இறந்தவனின் கல் என்பதை அவற்றுள் ஒன்று அறிவிக்கின்றது, அவ்வளவே. தமிழகத்தில் இதுவரை கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழையவை எனக் கொள்ளப்படுபவை இவை. இவற்றுக்கும் முற்பட்ட பெருங்கற்காலத்து நெடுநிலைக் கற்களிலோ எழுத்தும் இல்லை. நிற்றல் ஒன்றே அவற்றின் மொழி. கொடுமணல் போன்ற ஈமக்காடுகளில் அவற்றைக் காண்போர், இன்னார் எனத் தெரியாதபோதும் இங்கொருவர் நினைக்கப்பட்டார் என்பதை உணர்வர்.

ஆகவே வரலாற்று வரிசை உருவக்கட்சியார் கருதுவதற்கு நேர்மாறாக உள்ளது. முதலில் நிற்கும் கல், பின்னர் எழுத்து, அதன்பின்னரே உருவம். உருவம் பிற்காலச் சேர்க்கை என்பதனால் அது தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் அதுவே தமிழர் பொதுக்கலையின் மூலம் என்னும் கூற்று இனி நிற்றற்கில்லை.

இதனினும் வலிய சான்று பட்டினப்பாலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஊரார்க்குப் பொதுவாய் அமைந்த பொதியிலில் வழிபடப்பட்டது படிமம் அன்று. கந்து, அதாவது நட்டு நிறுத்திய தறி. தெய்வம் உறையும் தறி என நச்சினார்க்கினியர் அதனை விளக்குவர். அப்பொதியிலை மெழுகி விளக்கேற்றியோர் போரிற் சிறைபிடித்துக் கொணரப்பட்ட மகளிர். அங்குத் தொழுது தங்கியோர் ஊருக்குப் புதியராய் வந்தோர். பல மொழி பேசுவோர் கலந்துறைந்த துறைமுக நகர் அது என அப்பாட்டே கூறுகின்றது. பிறநாட்டினரும் வேற்றுமொழியினரும் சிறைப்பட்டோரும் கூடும் ஒரு பொதுக் கட்டடத்தில், எவருடைய குலதெய்வத்தின் முகமும் இல்லாத ஒரு தறி நடுவில் நின்றதென்பது தற்செயலாக இருக்கலாம்; பழமையின் எச்சமாகவும் இருக்கலாம். ஆனால் எல்லார்க்கும் பொதுவாதற்கு அத்தறி இடங்கொடுத்தது என்பதை மறுக்கவியலாது. (தொல்காப்பியக் கந்தழியை இக்கந்தோடு இணைக்கும் முயற்சிகள் உள. நச்சினார்க்கினியர் அதனைப் பற்றுக்கோடின்றி அருவாய் நிற்கும் பொருளென்பர். புறப்பொருள் வெண்பாமாலை வேறு வகையாகக் கொள்ளும். அவ்வழக்குத் தீராதது ஆகலின் அதனைச் சான்றாகக் கொள்ளாது விடுதலே முறை.)

உருவம் என மக்கள் போற்றுவதும் பலவிடத்துப் பிரித்தெடுப்பின் விளைவே. வள்ளுவரின் முகத்தைக் கண்டோர் எவருமிலர். வேணுகோபால் சர்மா வரைந்து 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பெற்ற படமே பின்னர் எல்லா அரசு அலுவலகங்களிலும் பேருந்துகளிலும் வள்ளுவராயிற்று. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் கன்னியாகுமரியில் திறக்கப்பெற்ற கணபதி தபதியாரின் சிலை 133 அடி உயரம் உடையது. பீடம் 38 அடி; அறத்துப்பாலின் அதிகாரத்தொகை அது. மேல்நிற்கும் உருவம் 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த தொகை. அச்சிலையின் உட்பொருள் முகத்தில் இல்லை, அளவில் உள்ளது. எண்ணைக் கல்லாக்குதல் அருவுருவக்கலையின் செயலன்றி வேறென்ன?

சுவரில் நின்றவை

செய்பூரில் 1986 முதல் 1992 வரை இராசத்தான் அரசுக்காகக் கொரியா எழுப்பிய சவகர் கலா கேந்திரம், சவாய் செய்சிங் 1727இல் நகரை வகுத்த ஒன்பது சதுரத் திட்டத்தை அடியொற்றியது. ஒவ்வொரு சதுரமும் ஒரு கோளுக்குரியது. செம்மணற்கல் பரப்பிய புறச்சுவர்களில் அக்கோளின் மரபுக் குறியீடு மட்டும் மெருகிட்ட பளிங்கிலும் கருங்கல்லிலும் பதிக்கப்பட்டுள்ளது. கோள்களைத் தேரூரும் தேவராகக் காட்டும் சிற்பமரபு இந்தியாவில் வளமாக இருந்தும், அதனை விடுத்துக் குறியை மட்டும் அவர் கொண்டார். சோதிடக் கட்டத்தைக் கண்டு பழகிய எளிய மனிதர்க்கு அக்குறி அந்நியமாயிருக்க நியாயமில்லை. சிற்பநூல் கற்றவர்க்கே தேவவுருவம் நன்கு விளங்கும் என்பதையும் நோக்குதல் வேண்டும். உருவமே எளிது, குறி கடிது என்பது எங்கும் பொருந்தும் விதியன்று.

தில்லி கத்தூரிபா காந்தி சாலையில் 1992இல் நிறைவுற்ற பிரித்தானியக் கவுன்சில் கட்டடத்தின் முகப்புச் சுவர் முழுவதும் ஆங்கிலேய ஓவியர் அவார்டு ஆட்கின் (1932 - 2017) வகுத்தது. மக்கராணா வெண்பளிங்கின்மீது கருநிறக் கடப்பாக் கல். தமிழகத்து அடுக்களை மேடைகளிலும் அலமாரித் தட்டுகளிலும் கிடக்கும் அதே கல்தான். பெரிய மரமொன்றின் கிளைகள் சுவரின்மேல் நிழல் வீழ்த்தியது போன்ற தோற்றம். ஆலமரம் என்பர் பலர். இலை இல்லை, விழுது எனச் சுட்டுதற்கும் ஒன்றில்லை. ஆனால் நிழல் உண்டு. வெயிலில் நடந்து வந்த ஒருவர்க்கு அச்சுவர் என்ன சொல்கிறது என்பதை எந்த அறிஞரும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு அரசின் பண்பாட்டு நிறுவனமொன்று தன் நாட்டு மன்னரையோ கவிஞரையோ சுவரில் நிறுத்தியிருப்பின், நாற்பத்தைந்தாண்டுக்கு முன் விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில் அது எவ்வாறு கொள்ளப்பட்டிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

கொச்சியில் பெருநகர் வளர்ச்சி ஆணையத்திற்காகக் கானாயி குஞ்ஞிராமன் செய்த 'முக்கோலப் பெருமாள்' தமிழகத்திற்கு இன்னும் அணிமையது. சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர் அவர். அப்பள்ளியின் தலைவராக 1957 முதல் 1967 வரை இருந்த கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துப் போன்ற ஆனால் படிக்கவியலாத கீற்றுகளைக் கொண்டு 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை 1963 முதல் தீட்டினார். 1966இல் சோழமண்டலக் கலைஞர் சிற்றூரைத் தோற்றுவித்தார். திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கீராம்பூரிற் பிறந்த ஆதிமூலம் (1938 - 2008) காந்தியடிகளின் உருவத்தை நூறு வகையாகக் கோட்டில் வடித்தபின்னர் வண்ணவெளிக்குச் சென்றவர். அதாவது, உருவம் வரையத் தெரியாதவர் ஒளிந்துகொள்ளும் இடம் அருவுருவம் என்னும் பழிக்கு அவர் வாழ்வே மறுப்பு. தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளும் நூல் முகப்பெழுத்துகளும் அவர் கைபட்டவை. இறக்குமதி எனக் கூறுவோர் தம் நூலகத்து அலமாரியை ஒருமுறை நோக்குதல் நன்று.

உருவம் வரைந்தால் பூசல் எழாது என்பதும் மெய்யன்று. தில்லி ரிசர்வ் வங்கியின் வாயிலில் நிற்கும் இயக்கனும் இயக்கியும் இராம்கிங்கர் பைசு (1906 - 1980) செய்தவை. மதுரா, கல்கத்தா அருங்காட்சியகங்களிலுள்ள தொல்லுருவங்களை முன்மாதிரியாகக் கொண்டவை. மரபில் அதனினும் ஆழ வேரூன்ற இயலாது. 1967 அளவில் நிறைவுற்ற அவ்விணையுள் இயக்கியின் ஆடையின்மை நாடாளுமன்றம் வரை சென்று வாதிடப்பட்டது. எல்லார்க்கும் நன்கு விளங்கியமையே அங்குப் பூசலுக்குக் காரணமாயிற்று.

தீவில் எவருடைய முகம்?

மேற்கூறியவை யாவும் பொதுவாதம். மரைன் ஹில் போன்றதோர் இடத்தில் இவ்வாதம் வேறொரு கூர்மை பெறுகின்றது.

1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது முதல் அத்தீவுகளுக்கு வந்தோர் பலர். நாடு கடத்தப்பட்ட கைதிகள், 1921 கிளர்ச்சிக்குப்பின் மலபாரிலிருந்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், இராஞ்சிப் பகுதித் தொழிலாளர், 1949 முதல் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க ஏதிலிகள், சிரிமாவோ - சாத்திரி உடன்பாட்டிற்குப்பின் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழர். 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. இவர் அனைவர்க்கும் முன்னரே அங்கு வாழ்ந்தோர் பெரிய அந்தமானியர், ஓங்கே, சாரவா, சென்டினல் மக்களும் தெற்கே நிக்கோபாரியரும் சோம்பென் மக்களும். இந்நகரத்து அரசுச் சுவரொன்றில் முகம் வரைவதாயின், எவர் முகம்?

ஆதிக்குடிகளின் உருவம் என்பதே சுற்றுலாச் சிந்தனையினர்க்கு முதலில் தோன்றும் விடை. வில்லேந்திய கரிய உடல், செந்நூலணி, பின்னணியில் தென்னை. 1956ஆம் ஆண்டு ஆதிக்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் திருத்தப்பட்டபின், சாரவா மக்களைப் படம் பிடித்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒருவரைக் கருவியாற் படம் பிடித்தல் குற்றமெனின், அவரைக் கேளாமலே அவருடலைச் சுண்ணத்திலும் வண்ணத்திலும் சுவரேற்றுதல் எவ்வாறு அறமாகும்? அம்மக்கள் தம் கலையில் தம்மை அவ்வாறு காட்டிக்கொண்டவரும் அல்லர். 1906 - 1908இல் அங்குக் களப்பணி செய்து 1922இல் நூல் வெளியிட்ட இராட்கிளிஃப் பிரௌன் பதிவுசெய்த அந்தமானியர் உடலோவியங்கள், வெண்களிமண்ணாலும் செங்காவியாலும் இடப்பட்ட வரிகளும் கோணல்மாணல் கோடுகளுமே. அவற்றை இட்டோர் பெரும்பாலும் மகளிர். இட்டது மனிதத் தோலில். நிலைப்பது சில நாள்கள். அருவுருவம் தீவுக்கு வெளியிலிருந்து வரவேண்டியதாய் இருக்கவில்லை. இதனாலேயே அவ்வரிகளை எடுத்துச் சுவரில் நகலெடுக்கலாம் எனவும் ஆகாது. அவை துக்கத்திற்கும் விழவிற்கும் உரியனவாய் உடலோடு ஒன்றியவை. அவற்றை நிலையான அலங்காரமாக்குதல், முகத்தை எடுப்பதினும் நுட்பமான ஒரு பறிப்பு.

தமிழர்க்கும் இங்கு ஓர் ஆசை உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற இடங்களின் வரிசையில் நக்கவாரத்தைக் கூறுகின்றது. நகரின் புதிய பெயர்சூட்டலின்போதும் சோழர் கடற்படை நினைவுகூரப்பட்டது. ஆதலின் அரசுச் சுவரில் புலிக்கொடிக் கப்பலொன்று பாய்விரித்துச் செல்லுதல் வேண்டும் எனத் தமிழ் மேடைகளிற் கேட்பதற்கு வெகுநாள் ஆகாது. மெய்க்கீர்த்தி வென்றதைக் கூறுகிறதே அன்றி அங்குத் தளம் அமைத்ததைக் கூறவில்லை. ஸ்ரீவிசயமோ அம்மன்னன் தோற்கடித்த நாட்டின் பெயர். வென்றவனை நினைக்கத் தோற்றவன் பெயரை இடுவது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று போலும். இவை ஒருபுறமிருக்க, வெல்லப்பட்ட நக்கவாரத்தார் வழியினர் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர். தம் ஆட்சியின் அலுவலகத்திற்கு மனு எழுதிக்கொண்டு வரும் நிக்கோபாரியர் ஒருவர், வாயிலில் அப்படையெடுப்பின் படத்தைக் கடந்து உள்ளே செல்லுதல் வேண்டுமா? வங்கத்தார் தம் நேதாசியையும், வேறு சிலர் தம் தலைவரையும் அச்சுவருக்கு முன்மொழியும்போது தமிழர் கப்பலை முன்மொழிவர். முடிவில் எண்ணிக்கையோ அதிகாரமோ மிக்கவர் முகம் சுவரேறும்.

இதற்கு எதிர்வினா ஒன்று உண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. எவர் முகமும் வேண்டா என்பது எவரையும் நினையாதிருக்கும் சூழ்ச்சியாகாதா? கைதிகளும் ஏதிலிகளும் 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இறந்தோரும் வெறும் வளைகோடாய்க் கரைந்துபோதல் நேர்மையா? அருவுருவத்தின் பெயரால் வரலாற்றைத் துடைத்த சுவர்கள் உலகெங்கும் உள என்பது உண்மை. அதற்கான மறுமொழி அந்நகரிலேயே நிற்கின்றது. 1896 - 1906இல் கட்டப்பட்ட செல்லுலார் சிறை, நடுக்கோபுரத்தினின்று ஏழு திசையில் நீண்ட ஏழு சிறகுகளை உடையது; மூன்றே இன்று எஞ்சியுள்ளன. ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி ஒரு சிறகின் முன்புறம் மற்றதன் பின்புறத்தை நோக்க வைக்கப்பட்டது. அத்தீவுகளில் அரசு எழுப்பிய மிகக் கொடிய அருவுருவம் அது. அதன் பொருள் விளங்கவில்லை எனக் கூறியவர் எவருமிலர். அங்கு அடைபட்டோரின் பெயர்கள் நடுக்கோபுரத்துப் பளிங்குப் பலகைகளில் உள்ளன. வடிவம் வதையைச் சொல்கின்றது. எழுத்து இன்னாரைச் சொல்கின்றது. புலிமான்கோம்பைக் கல்லும் இவ்வாறே செய்தது. நினைத்தற்கு முகம் இன்றியமையாததன்று, பெயர் இன்றியமையாதது.

2023 சூலையில் திறக்கப்பெற்ற அந்நகர வானூர்தி நிலையப் புதுமுனையம் சிப்பி வடிவினது. அதனை அருவுருவக்கலைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். சிப்பியைப் பெரிதாக்கினால் கிடைப்பது பெரிய சிப்பி. அங்கு எதுவும் எதனினின்றும் பிரித்தெடுக்கப்படவில்லை.

கால்கோள் இல்லாக் கற்கள்

மக்களுக்கு விளங்காததை மக்கள் பணத்தில் நிறுவலாமா என்னும் வினா எஞ்சியுள்ளது. நியூயார்க்கு நகரின் கூட்டரசு அலுவலக முற்றத்தில் 1981இல் ரிச்சர்டு செர்ரா நிறுவிய 'சாய்ந்த வில்' 120 அடி நீளமும் 12 அடி உயரமும் உடைய எஃகுச் சுவர். நாள்தோறும் அம்முற்றத்தைக் கடந்தோர் அதனைச் சுற்றி நடக்க நேர்ந்தது. 1985இல் நடந்த விசாரணையில் அதனைக் காக்கவேண்டும் எனப் பேசியோரே மிகுதி. ஆயினும் நீக்குமாறு குழு பரிந்துரைத்தது. 1989 மார்ச்சில் அது துண்டாக்கி அகற்றப்பட்டது. உருவக்கட்சியார் இந்நிகழ்ச்சியை விரும்பிக் காட்டுவர். ஆனால் அங்கு வழக்குக்குக் காரணமாயிருந்தது உருவமின்மையைக் காட்டிலும் வழிமறிப்பே. அதே இடத்தில் 120 அடி நீளத்தில் ஒரு தலைவர் படுத்திருந்தாலும் அலுவலர் சுற்றித்தான் நடந்திருப்பர். அங்கு நடப்போரை முன்னரே கேட்கவில்லை என்பதே குறை.

கேட்டல் என்பதற்குத் தமிழில் ஒரு முறை உண்டு. நடுகல்லுக்குத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறை வகுத்தார். நடுதல் அவற்றுள் நான்காவதே. கல்லைத் தேடிக் காண்பதும், நாள் பார்த்துக் கொள்வதும், நீராட்டுவதும் அதற்கு முன்னர் ஊரார் கூடிச் செய்பவை. படைத்தலும் வாழ்த்தலும் பின்னர். அக்கல்லில் உருவம் இல்லாதிருந்தும் ஊரார்க்கு அது விளங்கியமைக்குக் காரணம், அது வருவதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தமையே.

இக்கால அரசுகள் செய்வது நடுதல் மட்டும். கட்டடம் முடிந்து, வெற்றுச்சுவர் மிஞ்சி, திறப்புவிழா நாள் குறிக்கப்பட்டபின் கலைஞர் அழைக்கப்படுகின்றார். ஓவியம் சதுர அடிக் கணக்கில் 'அழகுபடுத்தும் பணி' எனக் கணக்கெழுதப்படுகின்றது. 2009இல் சென்னை அண்ணா சாலையின் அரசுச் சுவர்களில் மாநகராட்சி ஓவியங்கள் தீட்டச் செய்தது. சுவரொட்டி ஒட்டுவதைத் தடுத்தலே அதன் முதல் நோக்கம். நெகிழிப் பதாகைகள் வந்தபின் தொழிலிழந்த பதாகை ஓவியர்க்கு அதனால் வேலை கிடைத்தது என்பது நன்றே. ஆனால் ஓவியம் காவலாளியாக நியமிக்கப்பட்ட சுவர் அது. பிரான்சு 1951 முதல் பள்ளிக் கட்டடங்களிலும் பின்னர்ப் பிற பொதுக் கட்டடங்களிலும் கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கென ஒதுக்கியது. கட்டடம் எழும்போதே கலைஞர்க்கும் ஓரிடம் உண்டு என்பதே அவ்வொதுக்கீட்டின் பயன்; தொகை அடுத்ததே. செய்பூரில் குறியீடு சுவரோடு பிறந்தது. தில்லியில் ஓவியமே சுவராயிற்று. இரண்டிலும் பின்னர் ஒட்டப்பட்டது எதுவுமில்லை.

மரைன் ஹில்லின்மீதோ அந்நகரின் பிற குன்றுகளின்மீதோ அடுத்து எழும் அரசுக் கட்டடத்திற்கு இம்முறை கொள்ளப்படுமாயின், முதல் துறையாகிய காட்சியிலேயே செய்தற்குரியவை பல. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையும் உப்புக்காற்றும் நிலநடுக்கமும் உள்ள இடம் அது. பூச்சு வண்ணம் சில பருவங்களில் உதிரும், எஃகு துருவேறும், உயரத்திற் பதித்த கனத்த கல் நடுக்கத்தில் அடியில் நிற்போர்மேல் விழும். சிவந்த படௌக்கு மரம் தீவுக்கே உரியது. 1883 முதல் மரமறுத்த சாத்தம் ஆலையின் கடலோரத்தில் அதனை அறியாதார் இல்லை. ஆனால் அம்மரம் எந்தக் காட்டினின்று, எவர் வாழிடத்தினின்று வெட்டப்பட்டது என்பதும் காட்சியின் பகுதியே. சுவரின் அடியில் ஒரு சிறு பலகை வேண்டும். செய்தவர் பெயர், செய்த ஆண்டு, கல்லோ மரமோ எங்கிருந்து வந்தது என்னும் குறிப்பு, இவை வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் பொறிக்கப்பட்டாற் போதும். படைப்பின் பொருளை விளக்கும் வாசகம் அதில் வேண்டா.